வீட்டில் டிஜிட்டல், மேடையில் கிராண்ட்: மூன்று வருடப் பயிற்சி ஏன் கைகொடுக்கவில்லை?

இரவுநேர மாணவன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாகப் பியானோ கற்றுக்கொள்கிறேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வீட்டில் இருப்பது டிஜிட்டல் பியானோ. முழு 88 கட்டைகள், அழுத்தினால் கனம் தெரியும் வகை. வேலை முடிந்து ராத்திரியில்தான் நேரம் கிடைக்கும் என்பதால் பெரும்பாலும் ஹெட்போன் போட்டுக்கொண்டுதான் வாசிப்பேன்.

போன வாரம் எங்கள் வகுப்பு மாணவர்கள் எல்லோரும் ஒரு சிறிய அரங்கில் வாசித்தோம். அங்கே இருந்தது கிராண்ட் பியானோ, கம்பிகள் கிடையாகப் படுத்திருக்கும் பெரிய வகை. நான் எடுத்துக்கொண்டது ஷோபான் என்ற இசையமைப்பாளரின் ஈ மைனர் பிரிலூட் (ஒரு குட்டிப் பாட்டு), அவருடைய ஓபஸ் 28 என்ற தொகுப்பில் நான்காவது. மொத்தமே 25 பார்தான் (பார் என்பது தாளக் கணக்கில் ஒரு கட்டம்). வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துவிடுவேன்.

அங்கே உட்கார்ந்து இடது கை கார்டுகளை (ஒன்றாகச் சேர்த்து அழுத்தும் ஸ்வரங்களை) மெதுவாக வைத்தால் சில ஸ்வரங்கள் வரவே இல்லை. பயந்துபோய்க் கொஞ்சம் அழுத்தினேன், கார்டு இடித்தது. பெடலை எப்போதும்போலத்தான் மிதித்தேன், ஆனால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கலங்கிவிட்டது. பன்னிரண்டாவது பாரில் விரல் நின்றுவிட்டது. அடுத்து என்ன என்றே தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து ஒருவழியாக முடித்தேன். கீழே இறங்கி வரும்போது கால் நடுங்கியது.

என் சந்தேகம் இதுதான்: டிஜிட்டலில் கற்றது எல்லாம் வீணா? அதை விற்றுவிட்டு ஒரு அப்ரைட் (கம்பிகள் நிமிர்ந்து நிற்கும் பியானோ) வாங்கினால்தான் சரியாகுமா? இரண்டு மாதத்தில் அதே அரங்கில் மறுபடி வாசிக்க வேண்டும்.

சுருதிச்சாவி:

நான் பியானோ டியூனர். ஸ்வரம் வராமல் போனதற்கு உங்கள் விரல்தான் காரணம் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். பல அரங்குகளில் டியூனிங் மட்டும் ஒழுங்காகச் செய்வார்கள், ரெகுலேஷன் பக்கம் போகவே மாட்டார்கள். டியூனிங் என்பது கம்பியின் இழுவை. ரெகுலேஷன் என்பது கட்டைக்கும் சுத்தியலுக்கும் நடுவே இருக்கும் அத்தனை மரம், தோல், ஃபெல்ட் பாகங்களையும் அளவாக வைப்பது. சுருதி சுத்தமாக இருக்கும் பியானோவில்கூட நாலு கட்டை மெதுவாக அழுத்தினால் பேசாது.

காற்றில் ஈரம் கூடினால் கட்டையின் துளையில் இருக்கும் ஃபெல்ட் உப்பிக் கட்டை இறுகும். சுத்தியலின் ஃபெல்ட் கம்பியில் அடித்து அடித்துக் கெட்டியானால் சத்தம் கூர்மையாகும். ஊசியால் குத்தி அதை இளக்க வேண்டும். இதெல்லாம் வாசிப்பவர் கையில் இல்லை. அடுத்த தடவை போகும்போது எந்தக் கட்டை என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.

பியானோ டீச்சர்:

உங்கள் மூன்று வருடம் வீணில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். 26 வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் எழுதியதை வேறு வேறு வார்த்தைகளில் எத்தனையோ பேர் வந்து சொல்லியிருக்கிறார்கள், சொந்தமாகக் கிராண்ட் வைத்திருப்பவர்கள் உட்பட.

வயலின் வாசிப்பவர் தன் வயலினோடு வருகிறார். புல்லாங்குழல் பைக்குள் வருகிறது. பியானோ வாசிப்பவர் பெரும்பாலும் வெறுங்கையோடு வந்து, முன்பின் பழகாத ஒன்றின் முன்னால் உட்கார்ந்து, உடனே மனசில் இருப்பதைச் சொல்ல வேண்டும். ஹோரோவிட்ஸ், மைக்கலாஞ்சலி போன்ற பெரிய பியானோ கலைஞர்கள் தங்கள் பியானோவையே ஊர் ஊராக எடுத்துக்கொண்டு போனார்கள். ரிக்டர் அதற்கு நேர் எதிர். 1986-இல், 71 வயதில், சைபீரியாவைக் காரில் கடந்து விளாதிவஸ்தோக் வரை போனார். வழியில் சின்னச் சின்ன ஊர்களிலும் இறங்கி, அங்கே இருந்த பியானோவில் வாசித்தார். நானும் நீங்களும் ரிக்டர் வழியில்தான் போக முடியும். அதற்கு ஒரு பழக்கம் வேண்டும். அது டிஜிட்டலை விற்பதால் வராது.

நீங்கள் அந்தப் பியானோவிடம் எதுவும் கேட்கவில்லை. வீட்டில் எந்த அழுத்தம் எந்தச் சத்தத்தைத் தந்ததோ, அதே அழுத்தத்தைக் கொண்டுபோய் அங்கே வைத்தீர்கள். பதில் வேறாக வந்ததும் பயந்து அழுத்தினீர்கள். எல்லோரும் செய்வதுதான். நானும் செய்திருக்கிறேன்.

எனக்கு 19 வயது. ஒரு அரங்கில், மாலைக் கச்சேரிக்கு முன்னால் பத்து நிமிடம் பியானோவைத் தொட்டுப் பார்க்க விட்டார்கள். பத்து நிமிடத்தையும் என் நிகழ்ச்சியிலேயே வேகமான, சத்தமான இரண்டு பக்கத்தில் செலவழித்தேன். கை ஓடியது, சந்தோஷமாகப் போய் உடை மாற்றிக்கொண்டேன். மாலையில் மெதுவான பகுதி வந்தது. அந்தப் பெடல் பாதி தூரம் சும்மா இறங்கி, அதற்குப் பிறகுதான் டேம்பர்களை, அதாவது கம்பியின் அதிர்வை அடக்கும் ஃபெல்ட் துண்டுகளை, தூக்கும். நான் பழக்கத்தில் லேசாகத்தான் மிதித்துக்கொண்டிருந்தேன். டேம்பர் ஒன்றுகூட எழும்பவில்லை. ஒரு முழுப் பகுதியும் காய்ந்துபோய்த் துண்டு துண்டாக வெளியே போனது. என்ன நடக்கிறது என்று எனக்குப் புரியவே இல்லை. காலில் இருந்த கோளாறைக் கையால் சரிசெய்ய முயன்றுகொண்டே இருந்தேன். முன்வரிசையில் இருந்த என் ஆசிரியை பிறகு கேட்ட ஒரே கேள்வி, "பெடல் எங்கே பிடிக்கிறது என்று பார்த்தாயா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்றிலிருந்து புதுப் பியானோவில் உட்கார்ந்தால் நான் முதலில் பாட்டை வாசிப்பதில்லை. இரண்டு விஷயம் தேடுவேன்.

முதலாவது, அதன் மிக மெல்லிய சத்தம். ஏதாவது ஒரு கட்டையை, சத்தமே வராத அளவுக்கு மெதுவாக அழுத்துங்கள். கட்டை மொத்தம் இறங்குவதே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். அடியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் விரலுக்கு ஒரு சின்னத் தடை தட்டுப்படும், பனிக்கட்டி மேல் லேசாகக் கால் வைத்து அழுத்தினால் ஒரு இடத்தில் பொறுத்து அப்புறம் விடுவதுபோல. கிராண்டில் இது தெளிவாகத் தெரியும். சுத்தியலைக் கட்டை கைவிடுகிற இடம் அது. கம்பிக்கு ஓரிரண்டு மில்லிமீட்டர் இருக்கும்போதே சுத்தியல் தனியாகப் பறந்துபோய் அடித்துவிட்டுத் திரும்பிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் கட்டையை எவ்வளவு அழுத்தினாலும் அந்த ஸ்வரம் மாறாது. உங்கள் பயம், உருக்கம், கெஞ்சல் எல்லாம் மரத்தைத்தான் அழுத்துகிறது. சத்தம் என்பது அந்தத் தடையை எட்டும்போது கட்டை இறங்கிய வேகம், அவ்வளவுதான்.

சத்தமே வராத வேகம் கிடைத்ததா? இப்போது ஒரு இழை கூட்டுங்கள். இன்னும் ஒரு இழை. ஸ்வரம் பேசத் தொடங்கும் இடம் ஒன்று வரும். அதுதான் அந்தப் பியானோவின் பியானிஸிமோ, அதாவது மிக மெல்லிய அளவு. எல்லா டைனமிக்ஸையும் (சத்தத்தின் ஏற்ற இறக்கங்களையும்) அங்கிருந்து மேலே கட்டிக்கொண்டு போங்கள். டிஜிட்டலில் இந்த விளிம்பு பெரும்பாலும் உங்களை மன்னித்துவிடும், ரொம்ப மெதுவாக அழுத்தினாலும் ஒரு சத்தத்தைக் கொடுத்துவிடும். போதாததற்கு ஹெட்போன் அதைக் காதுக்குள்ளேயே ஊற்றுகிறது. அதனால்தான் அந்த விளிம்பு எங்கே என்று உங்கள் விரலுக்குத் தெரியவில்லை.

1777-இல், 21 வயது மோட்சார்ட், ஸ்டைன் என்பவர் செய்த பியானோக்களை வாசித்துப் பார்த்துவிட்டு அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். அவர் வியந்து எழுதியதும் இதைத்தான். கட்டையை எப்படித் தொட்டாலும் சத்தம் ஒரே சீராக வருகிறது, கட்டையை அழுத்தியே வைத்திருந்தாலும் சுத்தியல் அடித்த கணமே விழுந்துவிடுகிறது என்று. எனக்கு அந்தக் கடிதம் ரொம்பப் பிடிக்கும். அவ்வளவு பெரிய கலைஞன் சுத்தியல் விழுவதைப் பற்றி இத்தனை அக்கறையாக எழுதியிருக்கிறான்!

இரண்டாவது, பெடல். கையால் ஒரு கார்டைச் சின்னதாக வெட்டி வெட்டி வாசித்துக்கொண்டே இருங்கள். கால் பெடலைத் துளித் துளியாக இறக்கட்டும். ஒரு இடத்தில் வெட்டின கார்டுக்குப் பின்னால் மெல்லிய வால் ஒன்று நிற்கத் தொடங்கும். அதுதான் பிடிக்கும் இடம். உங்கள் கால் வேலை செய்ய வேண்டியது அந்த இடத்துக்குக் கொஞ்சம் மேலேயும் கீழேயும்தான். அடிவரை போய்வர வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் ஷோபான் கலங்கிப்போனதற்கு என் ஊகம்: வீட்டுப் பெடலைவிட அந்தப் பெடல் சீக்கிரம் பிடித்திருக்கும், விடும்போது நீங்கள் போதுமான அளவு மேலே விட்டிருக்க மாட்டீர்கள். பழைய கார்டின் மிச்சம் அடுத்ததோடு ஒட்டிக்கொண்டே வந்திருக்கும்.

பழைய இசையை இன்றைய பியானோவில் வாசிக்கும்போதும் இதே சங்கதிதான். பேத்தோவன் 1801-இல் எழுதிய மூன்லைட் சொனாட்டாவின் முதல் பகுதி முழுவதையும் டேம்பர் இல்லாமல், அதாவது பெடலை மிதித்தபடி, வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அவர் காலத்துப் பியானோவில் சத்தம் சீக்கிரம் அடங்கும், அது சரியாக இருந்தது. இன்றைக்கு அப்படியே மிதித்து வைத்தால் சேறாகிவிடும். அதனால் எழுதியதை மதிக்க வேண்டுமானால், காலால் கொஞ்சம் வேறு மாதிரிச் செய்ய வேண்டியிருக்கிறது. "இங்கே பெடல், இங்கே விடு" என்று குறித்துக் கொடுத்துவிட்டு, அதை அப்படியே எல்லாப் பியானோவிலும் செய்யச் சொல்லும் பாடமுறை எனக்கு உடன்பாடில்லை. குறிப்பு காலுக்கு வழிகாட்டும். முடிவு செய்ய வேண்டியது காது.

ஐந்தாம் கோடு:

டீச்சர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் டிஜிட்டல் வைத்திருப்பவர்களைப் பயமுறுத்த வேண்டாம் என்று தோன்றுகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு வாசிக்க முடிகிறதே, அது பெரிய விஷயம். நல்ல மாடல்களில் அரைப் பெடல்கூட உண்டு, பாதி மிதித்தால் பாதி பலன். இன்னொன்று, அப்ரைட் வாங்கினால் மட்டும் கிராண்ட் பழகிவிடுமா? அப்ரைடில் சுத்தியல் படுக்கை வாட்டில் போய் அடிக்கிறது, கிராண்டில் கீழிருந்து மேலே. தொடுகை அதிலும் வேறுதானே?

பியானோ டீச்சர்:

ஆமாம், நியாயமான கேள்வி. கிராண்டில் சுத்தியல் தன் எடையாலேயே திரும்ப விழும். அப்ரைடில் ஸ்பிரிங்கும் கைகொடுக்க வேண்டியிருக்கிறது. பெரிய வித்தியாசம் ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப வாசிப்பதில். அப்ரைடில் கட்டை கிட்டத்தட்ட முழுக்க மேலே வந்தால்தான் மறுபடி அடிக்கும். கிராண்டில் பாதி எழுந்தாலே போதும், எரார் என்ற பியானோ தயாரிப்பாளர் 1821-இல் காப்புரிமை பெற்ற அமைப்பின் உபயம் அது.

கேட்டவருக்கு இதில் ஒரு லாபம் இருக்கிறது. உங்கள் பிரிலூட்டின் இடது கை பெரும்பாலும் பாருக்கு எட்டுக் கார்டு வாசிக்கிறது, ஒரே கார்டைப் பல தடவை திருப்பிச் சொல்லிக்கொண்டே. கிராண்டில் விரலைக் கட்டையை விட்டு எடுக்கவே எடுக்காதீர்கள். கட்டையை முழுக்க மேலே வரவும் விடாதீர்கள். பாதியிலிருந்தே மறுபடி கீழே. இடிப்பு போய்விடும், கார்டுகள் ஒன்றுக்குள் ஒன்று கரையும். வீட்டிலும் இப்படியே பழகுங்கள். உங்கள் மாடலில் ஸ்வரம் விட்டுப் போனால் போகட்டும், கை அசைவு பழகினால் போதும்.

டிஜிட்டலை விற்க வேண்டாம். வாரத்தில் இரண்டு நாளாவது ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் வாசியுங்கள், அதுவும் சத்தத்தை ஒவ்வொரு நாளும் வேறு வேறு அளவில் வைத்து. "இன்றைக்கு இந்த அறையில் எது மெல்லிய சத்தம்?" என்று காது தேடக் கற்றுக்கொள்ள வேண்டும். தெரிந்தவர் வீட்டில், பள்ளிக்கூடத்தில் எங்கே ஒரு பியானோ கண்ணில் பட்டாலும், அனுமதி கேட்டுப் பத்து நிமிடம் உட்காருங்கள். மோசமான பியானோவாக இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் பாட்டை எழுதியவரே அப்படித்தான் இருந்தார். 1838-39 குளிர்காலத்தில் ஷோபான் மயோர்க்கா தீவில் தங்கி இந்த 24 பிரிலூட்களையும் முடித்துக்கொண்டிருந்தபோது, அவருக்குப் பிடித்த பிளேயல் பியானோ பாரிஸிலிருந்து வந்து சேர வெகு தாமதமானது. அதுவரை அங்கே கிடைத்த ஒரு சுமாரான பியானோவை வைத்துத்தான் சமாளித்தார்.

இரவுநேர மாணவன்:

டீச்சர், இரண்டு தடவை படித்தேன். மிக்க நன்றி. அந்தத் தடை தட்டுப்படும் இடம் பற்றி யாரும் எனக்குச் சொன்னதே இல்லை. பன்னிரண்டாவது பாரில் மறந்துபோனதுதான் இன்னும் உறுத்துகிறது. நூறு தடவையாவது வாசித்த பாட்டு. அடுத்த முறை நோட்டை வைத்துக்கொண்டு வாசித்தால் தப்பா?

பியானோ டீச்சர்:

தப்பே இல்லை. மனப்பாடமாக வாசிப்பது 19-ஆம் நூற்றாண்டில் லிஸ்ட், கிளாரா ஷூமன் போன்றவர்களால் வேரூன்றிய வழக்கம். ரிக்டர் கடைசிக் காலத்தில் அரங்கை இருட்டாக்கிவிட்டு, நோட்டின் மேல் ஒரு விளக்கை மட்டும் வைத்துக்கொண்டு வாசித்தார். அதனால் அவர் மதிப்பு குறைந்துவிடவில்லை.

ஆனால் உங்களுக்கு மறந்த காரணம் வேறு. நூறு தடவை வாசித்தது விரலுக்குத்தான் பாடமானது. விரல் நினைவு, கட்டையின் கனம், இருக்கையின் உயரம், காதில் விழும் சத்தம் எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் பாடமாகும். கிராண்டில் அத்தனையும் மாறிவிட்டது. விரல் பிடித்துக்கொண்டிருந்த கயிறு அறுந்துவிட்டது. அதுவும் பன்னிரண்டாவது பார் எப்படிப்பட்ட இடம் என்று பாருங்கள். முதல் பாதி முடிந்து, பதின்மூன்றில் தொடக்கம் திரும்ப வருகிறது. அங்கே விரலுக்கு இரண்டு வழி தெரியும். எந்த வழி என்று சொல்ல வேண்டியது தலை.

இந்தப் பாட்டின் இடது கையில் ஒரு அழகு இருக்கிறது. மூன்று ஸ்வரம் உள்ள கார்டு. ஒவ்வொரு மாற்றத்திலும் பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்வரம் ஒரு படி இறங்கும், மற்றவை அசையாமல் நிற்கும். மெழுகுவத்தியில் மெழுகு ஒரு பக்கம் மட்டும் வழிகிற மாதிரி. பியானோவை மூடிவிட்டு, எந்த விரல் இறங்குகிறது என்று வாயால் சொல்லிக்கொண்டே மேசை மேல் வாசித்துப் பாருங்கள். அப்புறம் 13-இலிருந்து ஆரம்பியுங்கள். 9-இலிருந்து, 16-இலிருந்து, கடைசி மூன்று கார்டிலிருந்து. எங்கே எழுப்பிவிட்டாலும் தெரிய வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எட்டு ஒன்பது வயதுக் குழந்தைகளுக்கு முதல் மாதத்தில் நான் ஒரு வேலை கொடுப்பேன். கீழ்ப்பக்கம் ஒரு ஸ்வரத்தை அழுத்திப் பிடித்திருப்பேன், சத்தம் முழுக்க நின்றதும் கையைத் தூக்க வேண்டும். முதலில் சட்டென்று தூக்கிவிடுவார்கள். போகப்போக ஒவ்வொருவரும் தாமதமாகத் தூக்குவார்கள். ஒரு பெண் குழந்தை, எல்லோரும் தூக்கிய பிறகும் தூக்காமல், எழுந்து வந்து பியானோவின் பக்கப் பலகையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். "இன்னும் இருக்கு டீச்சர்" என்றாள். நானும் காதை வைத்துப் பார்த்தேன், இருந்தது. உங்கள் பிரிலூட்டின் முடிவில், கடைசி மூன்று கார்டுக்கு முன்னால் ஒரு மௌனம் வருகிறது இல்லையா, அதை எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். அரங்கில் சத்தம் எங்கே போய் அடங்குகிறது என்று கேட்டுவிட்டு அடுத்த கார்டை வையுங்கள்.

இரவுநேர மாணவன்:

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். இன்று அரங்கில் பதினைந்து நிமிடம் விட்டார்கள். பாட்டைத் தொடவே இல்லை. தடை வரும் இடத்தைத் தேடினேன், பெடலைத் தேடினேன். வீட்டைவிட ரொம்ப மேலேயே பிடிக்கிறது, நீங்கள் சொன்னது சரி. எல்லாக் கட்டையும் மெதுவாகப் பேசுகிறது, மிடில் சி-க்கு மேலே இருக்கும் ஈ மட்டும் பேசவில்லை. பத்துத் தடவை முயன்றேன், மெதுவாக அழுத்தினால் ஊமை. என் முதல் கார்டிலேயே அது இருக்கிறது!

சுருதிச்சாவி:

அந்த ஒரு கட்டையில் சுத்தியல் சீக்கிரமே விடுபடுகிறது, இல்லை எங்கோ உரசுகிறது. பத்து நிமிட வேலை. அரங்கு நிர்வாகத்திடம் "மிடில் சி-க்கு மேல் ஈ, மெதுவாக அழுத்தினால் ஒலிக்கவில்லை" என்று எழுதிக் கொடுங்கள். "பியானோ சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் டியூனிங் செய்துவிட்டுப் போய்விடுவார்கள்.

பியானோ டீச்சர்:

அருமை, அருமை! போன தடவை உங்களைப் பயமுறுத்திய ஸ்வரமும் அதுவாகத்தான் இருக்கும். இந்தத் தடவை அதன் விலாசம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

எழுதிக் கொடுங்கள், ஆனால் சரிசெய்யாவிட்டாலும் வாசிக்கத் தயாராக இருங்கள். அந்த ஈ உங்கள் இடது கைக் கட்டைவிரலில் வருகிறது. அது நல்லதுதான், இருப்பதிலேயே கனமான விரல். மற்ற இரண்டு விரலும் மெல்லிய சத்தத்தின் விளிம்பிலேயே இருக்கட்டும். கட்டைவிரல் மட்டும் ஒரு இழை வேகமாக இறங்கட்டும். வீட்டில் முதல் பாரின் எட்டுக் கார்டையும், கட்டைவிரல் மட்டும் துளி மேலே கேட்கும்படி, தினமும் ஐந்து நிமிடம். அப்புறம் கச்சேரிக்கு முன்னால் அந்தக் கட்டையை மட்டும் இன்னொரு தடவை தொட்டுப் பாருங்கள். ஒருவேளை அதற்குள் சரிசெய்திருந்தால், அதே கட்டைவிரல் இந்தத் தடவை சத்தமாகக் கேட்டுவிடும்.